தினமும் ஒரு குவளை தண்ணீர்

கேள்வி: சிங்கப்பூரின் செங்காங்கில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி ஒன்றின் ஒன்பதாம் மாடியில் குடியிருக்கிறோம். என் கணவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று, உடன் பணியாற்றியவர்கள் பருத்த வேர்களுடைய ஃபைகஸ் (ஆலமர இன) போன்சாய் ஒன்றைப் பீங்கான் தொட்டியில் வைத்துப் பரிசளித்தார்கள். அதை வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்து, தினமும் காலையில் மறக்காமல் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிவருகிறேன். ஐந்து வாரங்களில் பாதிக்கு மேற்பட்ட இலைகள் மஞ்சளாகி உதிர்ந்துவிட்டன. தாழ்வாரத்தில் நான்கு நாள், படுக்கையறையில் ஒரு வாரம், மறுபடியும் வரவேற்பறை என்று மாற்றிப் பார்த்தேன், பயனில்லை. தண்டிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள் இருக்கின்றன. பூச்சியா? வேறு தொட்டிக்கு மாற்றி உரம் போடலாமா? ஆலமர இனத்தை வீட்டில் வைக்கக்கூடாது, அதிலும் ஒரு மரத்தை இப்படிக் குறுக்கி வைப்பது பாவம் என்கிறார் என் மாமியார். டிசம்பரில் நானும் கணவரும் மூன்று வாரம் தஞ்சாவூர் போகிறோம். மாமியார் பொங்கோலில் என் கொழுந்தனார் வீட்டில் இருப்பார். அதுவரை இந்தச் செடி பிழைக்குமா? பிழைத்தால் யாரிடம் விட்டுவிட்டுப் போவது?

பதில்: அன்புள்ள வாசகிக்கு, செடி உயிரோடு இருக்கிறதா என்பதை முதலில் உறுதி செய்துகொள்வோம். இலையில்லாத ஒரு சிறு கிளையின் பட்டையை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாகவும் ஈரமாகவும் இருந்து, ஒரு துளி வெண்பால் கசிந்தால் அந்தக் கிளைக்கு உயிர் இருக்கிறது. பழுப்பாக உலர்ந்திருந்தால் தண்டை நோக்கி இன்னும் சற்று கீழே இறங்கிக் கீறிப் பார்க்க வேண்டும். கிளை நுனிகளையும் கவனியுங்கள். எழுதுகோல் முனைபோல் கூராக, பச்சையாக ஒரு குருத்து நின்றால், அதன் உறைக்குள் அடுத்த இலை சுருண்டு காத்திருக்கிறது என்று பொருள். நுனிக் குருத்துகள் கருகாமல் இருக்கும்வரை, பாதி இலைகள் போனதற்காக நீங்கள் கலங்க வேண்டியதில்லை, ஏனென்றால் இந்த இனம் கோபத்திலும் இலை உதிர்க்கும், குழப்பத்திலும் இலை உதிர்க்கும், பிறகு மூன்று நான்கு வாரங்களில் ஒன்றும் நடக்காததுபோல் துளிர்த்துவிடும்.

அடுத்து அந்தப் பீங்கான் தொட்டி. பரிசாகக் கொடுக்கப்படும் இத்தகைய செடிகளில் பெரும்பாலும் உள்ளே ஒரு பிளாஸ்டிக் தொட்டி இருக்கும், வெளியே இருக்கும் பீங்கானுக்கு அடியில் துளையே இருக்காது. உள்தொட்டியைத் தூக்கிப் பாருங்கள். ஐந்து வாரமாக நீங்கள் ஊற்றிய நீரில் ஒரு பகுதி கறுத்த குழம்பாக அடியில் தேங்கி, சாக்கடை வாடை அடித்தால், மஞ்சளாகி விழுந்த இலைகளுக்கான காரணத்தில் பாதியை அங்கேயே கண்டுவிட்டீர்கள். மேல்மண்ணில் கூழாங்கற்களைப் பசையால் ஒட்டியிருந்தால் அதையும் உடைத்து எடுத்துவிடுங்கள். கொண்டுவரும் வழியில் மண் சிந்தாமலிருக்கக் கடைக்காரர்கள் செய்யும் ஏற்பாடு அது. வீட்டில் அது ஊற்றும் தண்ணீரை ஓரமாக வழியச் செய்வதோடு, மண் காய்ந்திருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்க்கவும் வழியில்லாமல் செய்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம் வெளிச்சம். ஒரு செடி எவ்வளவு நீரைக் குடிக்கும் என்பதை நாம் ஊற்றும் குவளை தீர்மானிப்பதில்லை, அதன் இலைகளில் விழும் ஒளிதான் தீர்மானிக்கிறது என்பதே நான் இந்தக் கடிதத்தில் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முக்கியமான விஷயம். ஒளியை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; நண்பகல் வெயில் ஏறத்தாழ 1,00,000 லக்ஸ் அளவுக்கு இருக்கும். தொலைக்காட்சிப் பெட்டியின் ஓரத்தில், சன்னலிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உள்ளே, பகலிலும் பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் இருக்கும். நம் கண் இந்த இரண்டு வெளிச்சத்துக்கும் தன்னைச் சரிசெய்துகொள்வதால் அறை வெளிச்சமாக இருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது. திறந்த வெளியில் வெயில் குடித்து வளர்ந்த செடிக்கோ அது அந்தி நேரம். அவ்வளவு இலைகளை வைத்துக்கொண்டு அந்த இருட்டில் பிழைக்க முடியாது என்று அது சிலவற்றைக் கைவிடுகிறது. இலை குறையக் குறைய அது உறிஞ்சும் நீரும் குறைகிறது. நீங்களோ அதே குவளையை அதே நேரத்தில் ஊற்றுகிறீர்கள். மண் காயாமல், வேருக்குக் காற்றுக் கிடைக்காமல், நுனிவேர்கள் அழுகத் தொடங்குகின்றன. வேர் அழுகியதால் மேலும் இலைகள் மஞ்சளாகின்றன. செடி வாடுவதைப் பார்த்து நீங்கள் தாகமோ என்று எண்ணுகிறீர்கள். ஃபைகஸ் செடி இந்த வளையத்தில் சிக்கி இறப்பதை நான் பார்த்த அளவுக்கு, தண்ணீர் இல்லாமல் இறப்பதைப் பார்த்ததில்லை.

எனவே இடத்தை மாற்றுங்கள், ஆனால் இம்முறை ஒரே தடவை மட்டும். உங்கள் வீட்டுச் சன்னல்கள் எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று நீங்கள் எழுதவில்லை. சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு ஒரு பாகைக்குச் சற்று மேலே மட்டுமே வடக்கில் இருப்பதால், வடக்குச் சன்னலுக்கு மார்ச் இறுதி முதல் செப்டம்பர் வரையிலும் தெற்குச் சன்னலுக்கு மற்ற மாதங்களிலும் வெயில் சாய்ந்து வரும். கிழக்குச் சன்னல்தான் ஆண்டு முழுதும் காலை வெயில் தருவது, ஃபைகஸ் செடிக்கு மிகவும் ஏற்றதும் அதுவே. மேற்கு வெயிலையும் இது தாங்கும், சிறிய தொட்டியின் மண் மட்டும் சூடாகிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சன்னலுக்கு உட்புறம், கண்ணாடியை ஒட்டி ஓர் உறுதியான மேசை மீது வையுங்கள். இப்போது மிஞ்சியிருக்கும் இலைகள் நிழலுக்குப் பழகியவை. அவற்றை ஒரே நாளில் முழு வெயிலுக்குக் கொண்டுபோனால் வெளுத்துக் கருகும் என்பதால், முதல் சில நாள்கள் மெல்லிய திரைக்குப் பின்னால் வைத்து, இரண்டு வாரங்களில் படிப்படியாகத் திரையை விலக்குங்கள். அறைக் குளிரூட்டியின் காற்று நேராகப் படும் இடம் மட்டும் வேண்டாம். 24 பாகைக் குளிர் இதற்குப் பெரிய தொல்லை இல்லை, அந்தக் காற்றின் வறட்சிதான் தொல்லை.

தாழ்வாரத்தில் நல்ல வெளிச்சம் இருந்தால் அங்கேயே நிரந்தரமாக வைக்கலாம், அதுதான் எனக்கும் விருப்பம். வழியில் குறைந்தது 1.2 மீட்டர் அகலம் தடையின்றி இருக்க வேண்டும் என்ற விதி உங்களுக்குத் தெரிந்திருக்கும். கைப்பிடிச் சுவரின் மேல் வைப்பதை மட்டும் கனவிலும் நினைக்க வேண்டாம். ஒன்பதாம் மாடியிலிருந்து தவறி விழும் இரண்டு கிலோ தொட்டி ஒருவர் உயிரைப் பறித்துவிடும். எங்குமே வெளிச்சம் போதவில்லை என்றால் செடி வளர்ப்புக்கான எல்இடி விளக்கு ஒன்றை, இலைகளிலிருந்து இருபது முப்பது சென்டிமீட்டர் உயரத்தில், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். எங்கே வைத்தாலும், வைத்தபின் இன்னும் சில இலைகள் விழும். நான்கு நாளில் பலன் தெரியவில்லை என்று மறுபடியும் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். நீங்கள் தாழ்வாரத்தில் வைத்தது சரியான இடம்தான், எடுத்ததுதான் தவறு.

தண்ணீர் ஊற்றுவதற்குக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். சாப்பாட்டுக் கடையில் கொடுக்கும் மரக்குச்சி ஒன்றை மண்ணில் ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்குச் செருகி, பத்து நிமிடம் கழித்து உருவிப் பாருங்கள். குச்சி நிறம் கறுத்து ஈரமாக வந்தால் அன்று தண்ணீர் வேண்டாம், மேல் ஒரு சென்டிமீட்டர் உலர்ந்து, கீழே மட்டும் இலேசான ஈரம் தெரிந்தால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது. சில வாரம் பழகினால் குச்சி தேவைப்படாது, தொட்டியைத் தூக்கும்போதே கை சொல்லிவிடும். ஊற்றும்போது மட்டும் தயக்கம் கூடாது. உள்தொட்டியைச் சமையலறைத் தொட்டிக்கு எடுத்துச் சென்று, அடித்துளைகள் வழியாக நீர் ஓடும்வரை ஊற்றி, ஐந்து நிமிடம் விட்டு மீண்டும் ஒருமுறை ஊற்றி, முழுக்க வடிந்தபின் இடத்தில் வையுங்கள். வெளிச்சம் குறைந்த இடத்தில் இதற்கு நான்கைந்து நாள் இடைவெளி ஆகலாம். இலை அடர்ந்து, நல்ல வெயிலில் நிற்கும் அதே செடி தினமும் கேட்கலாம். அரிசி களைந்த தண்ணீர், தேயிலைச் சக்கை, தயிர்ப் பாத்திரம் கழுவிய நீர் ஆகியவற்றை நம் வீடுகளில் செடிக்கு ஊற்றும் வழக்கம் உண்டு. தோட்டத்து மண்ணில் அவை மட்கிப் போகும். கைப்பிடியளவு மண்ணில் புளித்து எறும்பையும் சிறு ஈக்களையும்தான் வரவழைக்கும். குழாய் நீர் போதும்.

போன்சாய் நூல்களில் கூழாங்கல் பரப்பிய தட்டில் நீர் நிறைத்து அதன்மேல் தொட்டியை வைக்கச் சொல்லியிருப்பார்கள். குளிர்காலத்தில் வெப்பமூட்டிகள் காற்றை உலர்த்திவிடும் நாடுகளுக்கு எழுதப்பட்ட அறிவுரை அது. காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 சதவீதத்தை ஒட்டி நிற்கும் நம் ஊரில் அதனால் செடிக்குப் பயனில்லை, ஏடிஸ் கொசுவுக்குத்தான் பயன். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க அதற்கு ஒரு வாரம் போதும். தட்டின் ஓரத்தில் ஒட்டிய முட்டைகள் நீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடு கிடக்கும். ஆகவே தட்டு வைத்தால் நீரைக் கொட்டுவதோடு நிறுத்தாமல், உட்புறத்தைத் தேய்த்தும் கழுவுங்கள். மேல்மண் இறுகிப் பாளமாகியிருந்தால் கிளறிவிடுங்கள். இறுகிய மண்மீது தேங்கும் சிறிதளவு நீரே டெங்கி பரவப் போதுமானது.

தண்டிலுள்ள வெள்ளைப் புள்ளிகளை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பஞ்சுபோல் நசுங்கி வந்தால் மாவுப்பூச்சி. சிறு சிப்பிபோல் உரிந்து வந்தால் செதில்பூச்சி. எவ்வளவு சுரண்டினாலும் போகாமல், வரிசையாகச் சிறு தழும்புகள்போல் பட்டையோடு பட்டையாக இருந்தால் அவை மரத்தின் மூச்சுத்துளைகள். அவற்றின் வழியாகத்தான் பட்டைக்குள் காற்று போய்வருகிறது. உங்கள் வர்ணனையைப் படிக்கும்போது மூச்சுத்துளைகளாகத்தான் இருக்கும் என்று எண்ணுகிறேன், ஏனென்றால் பூச்சியாக இருந்தால் இலைகளில் பிசுபிசுப்பும், அதைத் தேடிவரும் எறும்பும், கரிபோன்ற பூசணமும் சேர்ந்தே வந்திருக்கும். இந்த இனத்துக்கென்றே உரிய இன்னொரு பூச்சியையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக வரும் இலைகள் வெற்றிலையை மடித்ததுபோல் நடுநரம்போடு மடிந்து, ஊதா நிறப் புள்ளிகளோடு இருந்தால், பிரித்துப் பாருங்கள். எள்ளைவிடச் சிறிதாகக் கறுப்புப் பூச்சிகள் உள்ளே ஓடும். மடிந்த இலைக்குள் மருந்து புகாது என்பதால் அவற்றைக் கிள்ளி, பையில் கட்டிக் குப்பையில் போடுவதே முதல் வைத்தியம். பிறகு ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிலிட்டர் வேப்பெண்ணெயைச் சில சொட்டுச் சோப்புக் கரைசலோடு கலந்து, வெயில் இறங்கிய பின் வாரம் ஒருமுறை தெளிக்கலாம்.

தொட்டி மாற்றலாமா, உரம் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போது இரண்டும் வேண்டாம். வேர் நலிந்திருக்கும்போது போடும் உரம், வயிற்றுப்போக்கில் கிடப்பவருக்குப் பிரியாணி கொடுப்பது போன்றது. ஒரே ஒரு விதிவிலக்கு: மண்ணில் அழுகல் வாடை இருந்தால் காத்திருக்காமல் செடியை வெளியே எடுத்து, கறுத்துக் கூழாகிய வேர்களை வெட்டி நீக்கி, நல்ல வடிகால் உள்ள கலவையில் நட்டுவிடுங்கள். மற்றபடி, புதிய இலைகள் விரிந்து தடித்தபின், சுமார் இரண்டு மூன்று மாதம் கழித்து மாற்றினால் போதும். பல நூல்கள் வசந்த காலத்தில் மாற்று, இலையுதிர் காலத்தில் நிறுத்து என்று நாள்காட்டி கொடுக்கும். நமக்கு அந்தக் காலங்கள் இல்லை, செடி தளதளவென்று வளரும் எந்த மாதமும் ஏற்ற மாதம்தான். எரிமலைக்கல், நுரைக்கல் போன்ற பொடிக்கற்கள் இரண்டு பங்கும் மட்கிய உரம் ஒரு பங்கும் சேர்ந்த கலவை இங்குள்ள மழைக்கும் வெப்பத்துக்கும் ஒத்துவரும். வேரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே முறையில் வெட்டக்கூடாது. இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரு நாள் விடுப்பு கிடைத்த உற்சாகத்தில், நன்றாக இருந்த ஒரு மரத்தின் வேரைப் பாதிக்குமேல் குறைத்து, அதே மதியம் இலைகளையும் முழுக்கக் கிள்ளிவிட்டேன். இரண்டையும் தனித்தனியே தாங்கும் மரம், சேர்த்துச் செய்ததைத் தாங்கவில்லை. பதினொரு நாளில் பட்டை சுருங்கிவிட்டது. அன்றிலிருந்து ஒரு பருவத்துக்கு ஒரு வேலை என்று வைத்துக்கொண்டிருக்கிறேன்.

கத்தரிப்பு இன்னும் பிந்தைய பாடம், ஆனாலும் ஒன்றை இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஜின்செங் ஃபைகஸ் என்று விற்கப்படும் உங்கள் செடி பெரும்பாலும் ஒட்டுச்செடி. பருத்த வேர் ஒரு மரத்துடையது, மேலே உள்ள சிறிய இலைக் கிளைகள் வேறொன்றுடையவை. ஒட்டுப் போட்ட தழும்புக்குக் கீழே பெரிய இலைகளோடு துளிர்கள் கிளம்பினால் அவற்றைக் கிள்ளிவிடுங்கள், இல்லையென்றால் அவை உணவையெல்லாம் இழுத்துக்கொண்டு மேல்கிளைகளைப் பட்டினி போடும். மேலே உள்ள கிளைகளை ஆறேழு இலை வரும்வரை வளரவிட்டு, பிறகு இரண்டு இலை விட்டு நறுக்குங்கள். வெட்டுவாயில் வடியும் பால் சிலருக்குத் தோலில் அரிப்பை உண்டாக்கும், துணியில் கறையாகும். வீட்டில் பூனை இருந்தால் அது இலையைக் கடிக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாமியார் சொல்வதை மூடநம்பிக்கை என்று நான் தள்ளமாட்டேன். ஆலும் அரசும் வீட்டுச் சுவரில் முளைத்தால் வேர் செங்கல்லைப் பிளந்துவிடும் என்பதைக் கண்ணால் பார்த்த தலைமுறையின் எச்சரிக்கை அது. தொட்டியில், ஆண்டுக்கொருமுறை வேர் திருத்தப்படும் செடிக்கு அது பொருந்தாது. குறுக்கி வைப்பது பாவமா என்ற கேள்விக்கு, அவரை ஒருநாள் கீழே அழைத்துச் சென்று, பழைய கட்டடங்களின் சுவர் விரிசலையும் சாலையோர மழைமரங்களின் கவட்டையையும் காட்டுங்கள். பறவை எச்சத்தில் விழுந்த விதை, ஒரு பிடி மண்கூட இல்லாத இடத்தில் முளைத்து நிற்பது இதே குடும்பத்து மரமாகத்தான் பெரும்பாலும் இருக்கும். தமிழில் இத்தி, கல்லிச்சி என்று அழைக்கப்படும் இந்த உறவுமரங்களின் வெள்ளை வேர் பாறைமேல் படர்ந்திறங்குவதை மலையருவிக்கு ஒப்பிட்டுச் சங்கப் புலவரே பாடியிருக்கிறார். நெருக்கடியான இடத்தில் வாழ்வது இதற்கு நாம் விதித்த தண்டனை இல்லை, இது பிறந்துவந்த வழியே அதுதான். வெளிச்சமில்லாத மூலையில் வைப்பதைப் பாவம் என்று அவர் சொல்லியிருந்தால் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டிருப்பேன்.

கடைசியாக டிசம்பர். வடகிழக்குப் பருவமழை பெய்து, வெயில் குறைந்திருக்கும் மாதம் என்பதால் செடி சற்று மெதுவாகவே நீர் குடிக்கும், ஆனாலும் மூன்று வாரத்துக்கு அப்படியே விட்டுப்போக முடியாது. தட்டில் நீர் நிறைத்துவிட்டுப் போகவே கூடாது என்பதற்குக் காரணம் மேலேயே சொல்லிவிட்டேன். மூடியுள்ள போத்தலில் நீர் நிரப்பி, மூடியில் சிறு துளையிட்டு, பருத்திக் கயிற்றின் ஒரு முனையை நீரிலும் மறுமுனையை மண்ணிலும் புதைக்கும் முறை ஒன்று உண்டு; அதைச் செய்வதானால் புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒத்திகை பார்த்துவிட வேண்டும். என்னைக் கேட்டால், செடியை உங்கள் மாமியாரோடு பொங்கோலுக்கு அனுப்பிவையுங்கள். இடம் மாறியதில் சில இலைகள் விழும், விழட்டும். அவர் தலைமுறைப் பெண்களுக்கு மண்ணைத் தொட்டால் ஈரம் தெரியும். கொழுந்தனார் வீட்டில் காலை வெயில் வரும் சன்னல் எது என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரு குவளை ஊற்ற வேண்டும் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.